மூன்றாவது கேள்விக்கு அப்பா சொன்ன பதில்

பாப்பா,

மெல்பேர்னில் குளிர் தாங்கவில்லை என்று போனில் சொன்னாய். ஹட்டன் மழையில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே என்ன குளிர் என்று உன் அப்பா சிரித்தார். பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், மாப்பிள்ளையின் வேலை நேரத்தைப் பற்றிப் பேசினோம், போன் கார்டில் காசு முடிந்துவிட்டது. நம் வீட்டில் போன் பேச்சு என்றைக்கும் அதற்கு மேல் போனதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் தட்டி உடனே அனுப்பிவிடுகிறேன் என்று மாடியில் உன்னோடு வேலை செய்த யோகா வந்து நின்றாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கைக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்று அவளை விரட்டிவிட்டேன். அவளும் சிவாவும் இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒளித்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

நீ விசா வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்த ஒரு காலையில் நம் மாடியில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு முதல் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை மாடியிலிருந்து பார்த்தாய், நான் கீழே அடுப்படியிலிருந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல.

கொழும்பில் நல்ல வேலையில் இருந்த நீ ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கியபோது, வேலை போய்விட்டதோ என்றுதான் நான் முதலில் பயந்தேன். நீ சொன்ன காரணம் வேறு. ஹட்டனிலும் நோர்வூட்டிலும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். அவர்கள் கொழும்புக்குப் போய், லாட்ஜில் தங்கி, பொலிஸில் பதிந்து, சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி தோட்டத்து முகவரி போட்ட அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், இங்கேயே ஒரு சின்னக் கிளையைத் திறப்போம் என்று உன் கம்பனிப் பெரியவரிடம் கேட்டிருக்கிறாய். அவரும் ‘செய்து பார்’ என்று சொல்லியிருக்கிறார். நம் மேல்மாடி அறைதான் அலுவலகம். முதல் வேலை, நுவரெலியாவில் பங்களாக்களை வாடகைக்கு விடும் ஒருவருக்கு இணையத்தளம். சனம் வீட்டிலிருந்தே அறை பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், ஏப்ரல் சீசனுக்கு முன் அது ஓட வேண்டும். ஓடினால் கிளை இருக்கும். ஓடாவிட்டால் மூடிவிட்டு, வர விரும்புகிறவர்கள் கொழும்புக்கு வரலாம். நோர்வூட் பக்கமிருந்து வந்த சிவாவின் தாய், அவனைக் கொழும்புக்கு மட்டும் அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நுவரெலியாப் பங்களா ஒழுங்காக ஓடாவிட்டால் சிவாவுக்குத் தொழில் இல்லை என்பது எனக்கே விளங்கியது.

நீங்கள் வேலை செய்த முறை எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் தெரிந்தது. பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வர்ண அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். செய்ய வேண்டியது ஒரு பக்கம், நடக்கிறது நடுவில், முடிந்தது மறுபக்கம். அட்டை இடம் மாறுவதைப் பார்த்தாலே வேலை எங்கே நிற்கிறது என்று தெரியும் என்றாய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்ததை மட்டும் பங்களாக்காரருக்குக் காட்டுவீர்கள். வீடு முழுக்கக் கட்டித் திறப்பு விழா வைக்காமல், முதலில் அடுப்படியைக் கட்டிச் சமைத்துக் காட்டுவது போல என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தந்தவர்கள் அப்படிக் காட்டியிருந்தால், கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் கதவு வந்திருக்காது. றொசல்லையிலிருந்து காலை ரயிலில், நம் கோச்சியில், வரும் யோகாவுக்கு மற்றவர்கள் செய்ததையெல்லாம் சோதித்துப் பிழை பிடிப்பதே வேலை. நாள் முழுக்கப் பிழை பிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்களா, தெரிந்திருந்தால் உங்கம்மாவை அனுப்பியிருப்பேனே என்று உன் அப்பா கேட்டது உனக்கு நினைவிருக்கும். நான் மறக்கவில்லை.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது அந்தக் காலைக் கூட்டம். எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் பேச்சு நீளும். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய், தடை ஏதும் இருக்கிறதா. முதல் நாள் எட்டிப் பார்த்த உன் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அட, இது நம்ம பெரட்டுல்ல!” என்றார். இருக்காதா பின்னே. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலமெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் சனத்தை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துவிட்ட மனிதர். ஓய்வு பெற்றபின் காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். மறுநாளே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும்போது “ம், சரி” என்பார், அவ்வளவுதான். நீயும் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டாய். நானும் வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு கூட்டம் வேகமாக முடியத் தொடங்கியது. தேத்தண்ணித் தட்டோடு நான் படியேறுவதற்குள் கலைந்துவிடுவீர்கள். தடை இருக்கிறதா என்று நீ கேட்பாய். சிவா “ஒன்னும் இல்லக்கா, எல்லாம் சரி” என்பான். பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அவர்களும் அப்பாவின் தோட்டத்துப் பிள்ளைகள்தான். “அந்த சிவா தங்கமான பையன், ஒரு கொறை சொன்னதில்ல” என்று சாப்பிடும்போது உன் அப்பா மெச்சுவார். உனக்கும் அது பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லாதே. அட்டைகள் எல்லாம் மளமளவென்று முடிந்தது பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

பங்களாக்காரர் பார்க்க வந்த நாள் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். படங்களைப் பார்த்துத் தலையாட்டினார், விலைப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, நுவரெலியாவில் இருந்த மனைவியைப் போனில் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையை ஒரே நாளுக்குப் பதிவு செய்தார்கள். இரண்டு பேருக்கும் ‘உங்கள் அறை உறுதி’ என்று வந்தது. சீசனில் ஒரு அறை வாசலில் இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றால் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “மேக்க ஹரியன்னே நே, மிஸ்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். சரிவராது என்று அவர் சொன்னது எரிச்சலோடு கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. அன்று மாலையே கொழும்பிலிருந்து போன் வந்தது. இன்னும் ஒரு சுற்று, அதிலும் சரிவராவிட்டால் கிளையை மூடுவோம்.

மறுநாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஒன்று வைத்தாய். யாரையும் குற்றம் சாட்டக் கூடாது, என்ன நடந்தது என்று மட்டும் பேச வேண்டும் என்பது அதன் விதி என்றாய். அப்பா கடைக்குப் போயிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிந்தால் சிக்கல் வரும் என்பது சிவாவுக்கு முதலே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல், தானே கண்டுபிடித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு முட்டி மோதியிருக்கிறான். “தடை இருக்கான்னு தெனமும் கேட்டேனே சிவா, ஏன் சொல்லல?” என்று நீ கேட்டாய். நான் தட்டோடு படியில் நின்றுவிட்டேன். அவனுக்குப் பதிலாக யோகாதான் பேசினாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த நாக்காலிதான் காரணம். கணக்கப்பிள்ளை ஐயா அதுல ஒக்காந்திருந்தா இவங்களுக்கு இது பெரட்டு. பெரட்டுல யாருக்கா கஷ்டம் சொல்லுவாங்க?”

அதற்குப் பிறகுதான் சிவாவுக்கு வாய் திறந்தது. “எங்கம்மா ஒருவாட்டி பெரட்டுல காய்ச்சல்னு சொன்னாங்கக்கா. ஐயா வூட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. அன்னைக்குப் பேரு விழல. அதுலருந்து எங்க வூட்ல காலையில யாரும் முடியலன்னு சொல்ல மாட்டோம். முடியலன்னாலும் சரிங்கன்னுதான் சொல்லுவோம்.”

பேர் விழவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர். இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், நாம் இருவரும் கணக்கப்பிள்ளை வீட்டுக்குள் இருந்து தெரிந்துகொண்டவர்கள். கொழும்பில் உனக்குப் பாடம் சொன்னவர்களுக்கு நிற்பது என்றால் சீக்கிரம் முடிவது. இந்தப் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வரிசையாக நிற்பது என்றால் வேறு. அதை அவர்கள் புத்தகத்தில் எழுதியிருக்க வழியில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நீ சுற்றி வளைக்காமல் சொன்னாய். “அப்பா, நாளையிலருந்து காலையில மேல வராதீங்க.” அவர் “ஏன், நான் என்னா செஞ்சேன்?” என்று கேட்டார். நீ சிவாவின் தாய் கதையைச் சொன்னாய். அவருக்கு அந்த அம்மாவையும் நினைவிருந்தது, அந்த நாளும் நினைவிருந்தது. “கொட்டுற மழை. காய்ச்சல்காரிய மலைக்கு அனுப்பக் கூடாதுன்னுதான் திருப்பி அனுப்பினேன். நல்லதுன்னுதான் செஞ்சேன் பாப்பா.” நீ “தெரியும்ப்பா. ஆனா அவங்களுக்குப் பேரு விழலயே” என்றாய். அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார், கை கழுவினார், மாடியிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து மேசையடியில் தள்ளினார். எனக்கு அன்று உன்மேல் வந்த கோபத்தை இப்போதும் மறைக்கப் போவதில்லை. பெற்ற தகப்பனை அவர் கட்டிய வீட்டிலேயே ஓர் அறைக்கு வராதே என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்று இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ செய்தது சரிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் கோபம் கூடியது.

ஆனால் அதற்குப் பிறகு நீ மாடியில் செய்ததைப் படியில் நின்று பார்த்தேன். நாற்காலி போனதும் பிள்ளைகள் மடை திறந்தது போலப் பேசிவிடவில்லை. மறுநாளும் “எல்லாம் சரிக்கா”தான். அப்போது நீ வட்டத்தில் முதல் ஆளாக உன் தடையைச் சொல்லத் தொடங்கினாய். “நேத்து நான் மாத்தின ஒன்னால யோகாவோட சோதனை பூராவும் தப்புன்னு செவப்பாக் காட்டுது. எனக்கு எங்க பிழைன்னு புரியல. யாரு ஒதவலாம்?” தலைவி வாயிலிருந்தே புரியவில்லை என்று வருவதைப் பார்த்து அவர்கள் முழித்தார்கள். அடுத்து, மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு நீ காத்திருக்கப் பழகினாய். முன்பெல்லாம் ‘இல்லை’ என்ற பதிலை நீயே தலையாட்டி வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாய். இப்போது சும்மா நின்றாய். எனக்கே சங்கடமாக இருக்கும் அளவுக்கு நின்றாய். அப்படி நின்ற ஒரு காலையில் சிவா, “அக்கா, அந்த ரூம் விசயம் எனக்கு சத்தியமா தெரியல” என்றான். யாரும் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. யோகா தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தட்ட அவள் பார்க்க, அவள் தட்ட அவன் பார்க்க, ஒருவர் ஓர் அறையைத் தொட்டுவிட்டால் அவர் முடிக்கும்வரை மற்றவருக்கு அது பூட்டியிருக்கும்படி இரண்டு பேருமாகச் செய்துவிட்டார்கள். பங்களாக்காரர் மறுபடி வந்து மனைவியைப் போனில் கூப்பிட்டார். இந்த முறை ஒருவருக்குத்தான் அறை கிடைத்தது. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பையும் கேட்டார். நம் மாடி மூடப்படவில்லை.

உன் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைக் கூட்டம் தொடங்கும் நேரத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார், கூட்டம் முடிந்திருக்கும் நேரத்துக்குத் திரும்புவார். எங்கே போகிறார் என்று எனக்கு யோகாதான் சொன்னாள். ஹட்டன் ஸ்டேஷனில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கோச்சியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். “எங்க ஐயா இந்தப் பக்கம்?” என்று அவள் கேட்டால் “சும்மாதான்” என்பாராம். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு மாடிக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அட்டைகளை வாசித்துக்கொண்டு நிற்பார். அது உனக்குத் தெரியாது.

பிறகு உன் கல்யாணம் வந்தது, மெல்பேர்ன் வந்தது, நீ விசாவுக்காகக் கொழும்புக்குப் போனாய். அன்று காலை யோகா ஸ்டேஷனிலிருந்து தனியாக வரவில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா இன்னைக்கு இல்லீங்க ஐயா. நாங்கதான் இருக்கோம், வாங்க” என்று மாடிக்கு ஏற்றிவிட்டாள். நான் தட்டோடு பின்னால் போனேன். அவரைப் பார்த்ததும் மூன்று பேரும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். போச்சுடா என்று நினைத்தேன்.

சிவா கேட்டான். “நாக்காலி போடவாங்க ஐயா?”

“வேணாம் தம்பி. நிக்கிறேன்” என்று சொல்லி, அவன் பக்கத்தில் வட்டத்துக்குள் போய் நின்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு பிள்ளை தனக்கு ஒன்று புரியவில்லை என்று அவர் முன்னாலேயே சொன்னது. அவர் “ம், சரி” என்று சொல்லவில்லை. அவர் முறை வந்ததும் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சிவா தாண்டவில்லை.

“நேத்து என்னா செஞ்சீங்க ஐயா?”

“பாப்பாவுக்குப் பெட்டி வாங்கினேன்.”

“இன்னைக்கு என்னா செய்யப் போறீங்க?”

“அதுக்கு ஒரு பூட்டு வாங்கணும்.”

“தடை ஏதும் இருக்குங்களா?”

அவர் சுவரிலிருந்த அட்டைகளைப் பார்த்தார். அவருக்கென்ன தடை என்று நான் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சிவா அவர் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றான், நீ நிற்பது போலவே. யோகாவும் மற்றவர்களும் நின்றார்கள். நம் வீட்டில் அவர் பதிலுக்காக அப்படி யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் காத்திருந்ததில்லை.

“இருக்கு தம்பி,” என்றார். “புள்ள போறத நெனச்சா நெஞ்ச அடைக்குது. போகாதம்மான்னு சொல்ல வாய் வருது. சொன்னா அவ நின்னுருவா. அதான் சொல்ல முடியல.”

“இதுக்கு யாரு ஒதவலாம்?” என்று சிவா கேட்டான். அதுதானே நீ போட்ட முறை. “நான் பாத்துக்கிறேன்” என்று படியிலிருந்து என் குரல்தான் வந்தது. யோகா ஓர் அட்டையை எடுத்து ‘ஐயா – அக்கா பயணம்’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, நடுப் பக்கத்தில் ஒட்டினாள். நீ வரும் நேரத்துக்குக் கழற்றி வைத்துவிட்டு, நீ விமானம் ஏறிய மறுநாள் திரும்ப ஒட்டியிருக்கிறாள். கூட்டம் கலைந்தபின் உன் அப்பா சிவாவிடம் அம்மா சுகமாக இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று அவன் சொன்னான். இப்போது தினமும் காலையில் மாடிக்குப் போகிறார், நின்றுகொண்டுதான் இருக்கிறார், முழங்கால் வலி என்பதையும் தடைக் கணக்கில் சொல்கிறார்.

நீ நின்றுவிடுவாய் என்ற பயத்தில்தான் இதை முதலே சொல்லவில்லை. இப்போது போய்ச் சேர்ந்துவிட்டாய், இனிச் சொல்லலாம். திரும்பி வா என்று இதற்கு அர்த்தம் இல்லை. உன் வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய புத்திமதி எதுவும் என்னிடம் இல்லை. மாப்பிள்ளையைக் காலையில் வட்டமாக நிறுத்திக் கேள்வி கேட்காதே, பாவம். ஆனால் அவர் எல்லாம் சரி என்று சொன்னால் அதை உடனே வாங்கி வைத்துக்கொள்ளாதே. நீயும் எல்லாம் சரி என்று சொல்லாதே. நீ கணக்கப்பிள்ளை மகள், உனக்கும் அந்த வியாதி உண்டு. குளிர் தாங்கவில்லை என்று நீ போனில் சொன்னது உண்மையில் குளிரைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் அன்று கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் அட்டையை முடிந்தது பக்கத்துக்கு மாற்றட்டுமா என்று யோகாவிடம் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டாள். அக்கா கேட்டு, ஐயா அக்காவிடம் தன் வாயால் சொன்னால்தான் முடிந்தது என்று கணக்காம். பிழை பிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் வாதாட முடியுமா? ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்போது, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. மூன்றாவது கேள்வியைக் கேள். ஒன்றும் இல்லம்மா என்பார். நீ போனை வைத்துவிடாமல், சும்மா நில்.

அம்மா